வயிறு தடவி விட்டா மலச்சிக்கல் தீருமா?

கேள்வி: அம்மா தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறவங்க, மூணு நாலு நாளைக்கு ஒருக்காதான் வெளிய போறாங்க. லயத்துல (தோட்டத்து வரிசை வீடுகள்ல) ஒரு பாட்டி எண்ணெய் போட்டு வயிறு தடவி விடுறாங்க, இது நல்லதா? நான் அஞ்சு மாசம், எனக்கும் செய்யலாமா? - வாசகி, ஹட்டன்

பதில்: அம்மாவுக்கு தாராளமா செய்யலாம் தங்கச்சி. பெருங்குடல் போற வழியிலயே தடவணும், அதாவது வலது பக்கம் அடிவயித்துல தொடங்கி விலா வரைக்கும் மேல, அப்புறம் குறுக்க இடது பக்கம், அங்கயிருந்து கீழ, கடிகார முள் சுத்துற மாதிரி, 10-15 நிமிஷம் மெதுவா, சாப்பிட்ட உடனே வேணாம். ஒரே நாள்ல தெரியாது, சில வாரம் விடாம செய்யணும். மலையில நிக்கிறப்போ ஒதுங்க இடமில்லன்னு தண்ணி குடிக்காம அடக்குறாங்கல்ல, பாதி காரணம் அதுதான், அதை மாத்தாம தடவி மட்டும் பிரயோசனமில்ல.

உங்களுக்கு வேணவே வேணாம், மிட்வைஃப்கிட்ட கேளுங்க. குடலிறக்கம் இருக்கிறவங்களுக்கும், அண்மையில ஆபரேஷன் செஞ்சவங்களுக்கும் கூடாது. காய்ச்சல், வாந்தியோட வலது பக்கம் அடிவயிறு வலிச்சா அது அப்பெண்டிக்ஸா இருக்கலாம், கையே வைக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க. மலத்துல ரத்தம் கண்டாலும் டாக்டர்கிட்ட காட்டணும்.