பில் விதர்ஸ் ஏன் பாடுவதை நிறுத்தினார்? – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். போன மாதம் சோல் இசை (அமெரிக்கக் கறுப்பினத்தவரிடமிருந்து வந்த பாட்டு வகை) பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் ஜேம்ஸ் பிரவுனுக்கும் ஓடிஸ் ரெடிங்குக்கும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, அதே இசையைப் பாடிய பில் விதர்ஸுக்கு ஒரே ஒரு வரி கொடுத்திருந்தீர்கள். எனக்கு அது வருத்தம். கொரோனா ஊரடங்கின்போதுதான் அவருடைய 'லீன் ஆன் மி' பாட்டை முதலில் கேட்டேன். இப்போதும் இரவு ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வீடு திரும்பும்போது அவர் பாட்டுதான் காதில் ஓடும்.

என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் நிறைய இசை கேட்பவர். அவர் சொல்கிறார்: "அந்த ஆள் பாட்டில் என்ன இருக்கிறது? ஏறாது, இறங்காது, பேசுவதுபோல் இருக்கும். எட்டு ஆல்பம் போட்டார், நாற்பத்தேழு வயதில் மூட்டைகட்டிவிட்டார். சரக்கு தீர்ந்துவிட்டது, அதுதான் விஷயம்." எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் ஏன் நிறுத்தினார்? உங்களுக்கு அவரைப் பிடிக்காதா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

ரொம்பப் பிடிக்கும். அந்த ஒற்றை வரி என் தவறுதான். தேவாலயத்தில் பாடிப் பழகி, அந்த உரத்த குரலை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தவர்களைப் பற்றித்தான் அந்தக் கட்டுரையில் எழுதிக்கொண்டு போனேன். அந்த வரிசையில் விதர்ஸ் நிற்கமாட்டார், அதனால் அவரைத் தாண்டிப் போய்விட்டேன். ஆனால் அவர் அந்த வரிசையில் நிற்காததுதான் அவரைப் பற்றிச் சொல்லவேண்டிய முக்கியமான விஷயம். அதற்கு அவர் பாட வந்த வயதிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

ஸ்டீவி வொண்டர் பதின்மூன்று வயதிலேயே அமெரிக்காவின் நம்பர் ஒன் பாடகர். விதர்ஸ் தன் முதல் ஆல்பத்துக்காக ஸ்டுடியோவுக்குள் நுழைந்தபோது வயது முப்பத்திரண்டு. 1938 ஜூலை 4 அன்று மேற்கு வர்ஜீனியாவில் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர், ஆறு பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா சுரங்கத் தொழிலாளி, விதர்ஸுக்குப் பதின்மூன்று வயதாகும்போது இறந்துவிட்டார். வளர்ந்தது பக்கத்து ஊரான பெக்லியில், அம்மா வழி உறவுகளோடு. இதற்கெல்லாம் மேல் பையனுக்குத் திக்குவாய். பேச வாயெடுத்தால் முதல் எழுத்திலேயே நின்றுபோகும். சுரங்கத்துக்குள் போகக்கூடாது என்று முடிவு செய்து, பதின்ம வயது முடிவதற்குள் கடற்படையில் சேர்ந்தார், ஒன்பது வருடம் அங்கே இருந்தார். 1967இல் லாஸ் ஏஞ்சலஸ் வந்து விமான பாகங்கள் செய்யும் தொழிற்சாலைகளில் வேலை. போயிங் 747 விமானத்தின் கழிவறை இருக்கைகளைச் செய்து பொருத்துவது அவர் வேலைகளில் ஒன்று.

பாடவேண்டும் என்று அவருக்குத் தோன்றிய நாளைப் பற்றி அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஓக்லண்டில் ஒரு கிளப். அன்று பாட வேண்டியவர் லூ ரால்ஸ், நேரமாகியும் வரவில்லை. "இந்த ஆளுக்கு வாரம் 2000 டாலர் கொடுக்கிறேன், நேரத்துக்கு வரமாட்டேன் என்கிறாரே" என்று கிளப் மேனேஜர் புலம்பியது விதர்ஸ் காதில் விழுந்தது. விதர்ஸுக்கு அப்போது மணிக்கு 3 டாலர் சம்பளம். அப்புறம் ரால்ஸ் நிதானமாக நடந்து வந்தார், அங்கிருந்த பெண்களெல்லாம் அவரையே பார்த்தார்கள். விதர்ஸ் நேராகப் போய் அடகுக் கடையில் ஒரு பழைய கிட்டார் வாங்கி, தானே வாசிக்கப் பழகி, வேலை நேரம் போக பாட்டு எழுத ஆரம்பித்தார். கலைத்தாகம், தெய்வ அழைப்பு என்று எதையும் அவர் சொல்லிக்கொள்ளவில்லை. நல்ல சம்பளம் வரும் வேறொரு வேலை இருக்கிறது என்று கண்டுகொண்ட ஒரு தொழிலாளியின் முடிவு அது. எனக்கு அவர்மேல் மரியாதை கூடியதே இந்தக் கதையைப் படித்த பிறகுதான்.

தன் சம்பளப் பணத்தில் பாட்டுகளைப் பதிவு செய்து இசைத்தட்டுக் கம்பெனி கம்பெனியாக அலைந்தார். சசெக்ஸ் ரெக்கார்ட்ஸ் நடத்திய கிளாரன்ஸ் அவாண்ட் ஒருவர்தான் கதவைத் திறந்தார். தயாரிப்பாளராக வந்தவர் புக்கர் டி. ஜோன்ஸ், மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் கம்பெனியின் பல பெரிய பாட்டுகளுக்கு ஆர்கன் வாசித்தவர். பேஸ் கிட்டாருக்கு டக் டன், டிரம்ஸுக்கு அல் ஜாக்சன், கிட்டாருக்கு ஸ்டீபன் ஸ்டில்ஸ். தொழிற்சாலையிலிருந்து அப்படியே வேலைக்குப் போடும் பூட்ஸோடு, பாட்டெழுதிய நோட்டும் கையுமாக உள்ளே வந்த விதர்ஸ், இவர்களையெல்லாம் பார்த்துவிட்டு ஜோன்ஸைத் தனியாகக் கூப்பிட்டு, இதையெல்லாம் யார் பாடப்போகிறார்கள் என்று கேட்டாராம். நீதான் என்றாராம் ஜோன்ஸ்.

1971இல் வந்த அந்த முதல் ஆல்பத்தின் அட்டையைப் பாருங்கள். தொழிற்சாலைச் சுவரோரம் கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு நின்று சிரிக்கிறார். போட்டோவுக்காகப் போட்ட வேஷமில்லை அது, நிஜமாகவே மதிய இடைவேளை. பாட்டு வெளிவந்த பிறகும் உடனே வேலையை விடவில்லை, இசைத் தொழிலை நம்பமுடியாது என்ற எண்ணம். அந்த நம்பிக்கையின்மையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு வருகிறேன்.

அந்த ஆல்பத்திலிருந்து வந்த முதல் இசைத்தட்டில் 'எய்ன்ட் நோ சன்ஷைன்' பின்பக்கப் பாட்டு. முன்பக்கம் 'ஹார்லெம்'. வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள், அவ்வளவுதான், பின்பக்கப் பாட்டு அமெரிக்கா முழுக்கப் பரவி, பாட்டு வரிசைப் பட்டியலில் மூன்றாம் இடம்வரை வந்து, இசைத்துறையின் பெரிய விருதான கிராமியும் வாங்கியது. இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் பாட்டு. நடுவில் 'ஐ நோ' என்று 26 முறை வரும். அந்த இடத்தில் ஒரு சரணம் எழுதி நிரப்பலாம் என்றுதான் நினைத்திருந்தார், சும்மா இடம்பிடிக்கப் போட்ட சொல் அது. அதை அப்படியே விட்டுவிடு என்றார்கள் சுற்றியிருந்த இசைக்கலைஞர்கள். அவர்கள் அனுபவசாலிகள், நான் புதியவன், அதனால் கேட்டுக்கொண்டேன் என்று பின்னர் சொன்னார்.

இந்த 26 முறையை உங்கள் நண்பரை ஒருதடவை முழுசாகக் கேட்கச் சொல்லுங்கள். விட்டுப்போன ஒருத்தியைப் பற்றிய பாட்டு. அவளை மறந்துவிடவேண்டும் என்று அவனுக்குத் தெரியும், தெரியும் தெரியும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான், மறக்கவும் முடியவில்லை. வேறொரு பாடகராக இருந்தால் அங்கே குரலை உச்சிக்கு ஏற்றிக் கதறியிருப்பார், கேட்பவர்களும் கைதட்டியிருப்போம். விதர்ஸ் ஏற்றவில்லை. சொல் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது, நமக்கு மூச்சு முட்டுகிறது. திக்குவாய்ப் பையனாக வளர்ந்த ஒருவர் ஒரே சொல்லில் சிக்கி நிற்பதை இப்படிப் பாட்டாக்கியிருக்கிறார் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். அவர் அப்படிச் சொன்னதில்லை, இது என் எண்ணம் மட்டும்தான்.

அதே ஆல்பத்தில் 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்' இருக்கிறது. பாட்டியின் முகம் எப்படி என்று பாட்டு சொல்லாது. கைகள் மட்டும்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தட்டும் கை, வலித்து வீங்கும் கை, விழுந்த பிள்ளையைத் தூக்கும் கை. மற்றவர்கள் அந்தப் பையனைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதபோது, இவன் தேறுவான் என்று நம்பியவள் அந்தப் பாட்டி. அன்பு, தியாகம் என்றெல்லாம் ஒரு பெரிய சொல்கூட இல்லாமல் எழுதியிருக்கிறார். நம்மில் எத்தனை பேரால் சொந்தப் பாட்டியைப் பற்றி அப்படி எழுதமுடியும்? எனக்கு முடியாது.

அப்புறம் 'லீன் ஆன் மி'. கொஞ்சம் பணம் வந்ததும் வுர்லிட்சர் என்ற கம்பெனியின் ஒரு சின்ன பியானோ வாங்கி, வாசிக்கத் தெரியாமல், பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளில் விரலை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தபோது பிறந்த மெட்டு. பாடிப் பாருங்கள்: முதல் அடி ச ரி க ம என்று படிப்படியாக ஏறும், அப்படியே ம க ரி ச என்று இறங்கும். கிட்டத்தட்ட நம் குழந்தைகள் முதல் நாள் பாட்டு வகுப்பில் பாடும் சரளி வரிசை. ஏறாது இறங்காது என்று உங்கள் நண்பர் சொல்வது இந்தப் பாட்டில் பொருந்தவே பொருந்தாது. ஏறுவதும் இறங்குவதும்தான் அந்த மெட்டே, ஆனால் யாராலும் ஏறமுடிகிற உயரம். லாஸ் ஏஞ்சலஸில் பக்கத்து வீட்டுக்காரன் யாரென்று தெரியாமல் வாழ்ந்தபோது, ஒருவர் வீட்டில் இல்லையென்றால் அடுத்த வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்கிற தன் சுரங்க ஊர் ஞாபகத்தில் எழுதியது. 1972 ஜூலையில் நம்பர் ஒன். ஊரடங்கு நாட்களில் நீங்கள் அதைக் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது உலகத்தின் பல ஊர்களில் ஜன்னலோரமும் மொட்டைமாடியிலும் நின்று அதைப் பாடியவர்கள் யாரும் பாடகர்கள் இல்லை. அவர்களால் பாடமுடிந்ததற்குக் காரணம் அந்த ச ரி க ம தான்.

சரி, ஏன் நிறுத்தினார்?

1975இல் சசெக்ஸ் கம்பெனி மூடப்பட்டது. அதற்கு முன்பே பணத்தகராறில் கசப்பு. விதர்ஸ் கொலம்பியா என்ற பெரிய கம்பெனிக்குப் போனார். 1977இல் 'லவ்லி டே' அங்கேதான் வந்தது, அதன் கடைசியில் ஒரே சுரத்தை 18 விநாடி பிடித்து நிற்பார் (குரலில் வித்தை காட்டத் தெரியாதவர் என்று நினைத்திருந்தால் அதையும் நண்பருக்குப் போட்டுக் காட்டுங்கள்). ஆனால் கம்பெனியின் ஆட்கள், எந்தப் பாட்டைப் பதிவு செய்யலாம் என்று முடிவு செய்பவர்கள், இவர் எழுதிக் கொண்டுவந்தவற்றைத் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். ஒருவர் எல்விஸ் பிரெஸ்லி பாடிய 'இன் தி கெட்டோ'வைப் பாடேன் என்று யோசனை சொன்னதாக விதர்ஸே சொல்லியிருக்கிறார். சொந்தப் பாட்டி கையை எழுதியவரிடம், ஏழைக் குடியிருப்பைப் பற்றி எல்விஸ் பாடியதைத் திருப்பிப் பாடச் சொல்கிறார்கள். படிக்கும்போதே எனக்குக் கோபம் வருகிறது, அவருக்கு எப்படி இருந்திருக்கும்.

1978க்கும் 1985க்கும் நடுவில் அவர் பெயரில் ஒரு ஆல்பம்கூட வரவில்லை. அந்த இடைவெளியில்தான், சாக்ஸபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டன் ஜூனியரின் ஆல்பத்தில், வேறொரு கம்பெனிக்காக, 'ஜஸ்ட் தி டூ ஆஃப் அஸ்' பாடினார், வரிகளிலும் அவர் பங்கு உண்டு. 1981இல் இரண்டாம் இடம்வரை போனது, அதற்கும் கிராமி. சரக்கு தீர்ந்தவரால் இது முடியுமா? 1985இல் ஒரு ஆல்பம் கொடுத்தார், அதன்பின் ஸ்டுடியோ பக்கம் ஆல்பம் போடப் போகவே இல்லை.

இதை வைத்து அவரை ஒரு ஞானிபோல எழுதுகிறவர்கள் உண்டு. புகழைத் துச்சமென்று உதறிய மகான் என்று. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. அவர் கோபமாகத்தான் போனார், அந்தக் கோபத்தை வருடக்கணக்கில் வெளிப்படையாகப் பேசவும் செய்தார். ஒரு கலைஞனை ஏழு வருடம் அடைத்துவைத்தது கம்பெனியின் குற்றம், நமக்கு வந்திருக்கவேண்டிய பாட்டுகள் போயின, அதற்கு ஆன்மிகப் பூச்சு பூசத் தேவையில்லை. ஆனால் போகமுடிந்தது எப்படி என்பதற்கு அந்தச் சாப்பாட்டுப் பெட்டிதான் பதில். பாடாமல் இருந்தால் தான் யார் என்ற பயம் அவருக்கு இல்லை. முப்பத்திரண்டு வருடம் பாடகராக இல்லாமலே ஒரு மனிதனாக இருந்து பழகியவர். இசைத்தொழிலை முதல் நாளே முழுசாக நம்பாதவர். பாட்டுகளின் உரிமை விவகாரங்களை மனைவி மார்சியா கவனித்துக்கொண்டார். பாட்டுகளும் சும்மா இருக்கவில்லை: 1987இல் கிளப் நூவோ என்ற குழு 'லீன் ஆன் மி'யைத் திரும்பப் பாடி மறுபடி நம்பர் ஒன் ஆக்கியது, எழுதியவர் என்ற முறையில் விதர்ஸுக்கு மூன்றாவது கிராமி. 1996இல் பிளாக்ஸ்ட்ரீட்டின் 'நோ டிகிட்டி' பாட்டு முழுக்க அந்தப் பாட்டி பாட்டின் முனகலும் கிட்டாரும் ஓடுகின்றன.

அவரைப் பற்றி 2009இல் வந்த ஆவணப்படத்தில் அவர் திக்குவாய்ப் பிள்ளைகள் நடிக்கும் ஒரு நாடகக் குழுவைப் பார்க்கப் போவார். அந்தப் பிள்ளைகளைப் பார்த்ததும் அவர் கண் கலங்கும். அவர் திக்கல் முழுசாக அடங்கியதே இருபது வயதெல்லாம் தாண்டித்தான். 2015இல் பெரிய இசைக்கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தபோது மேடையில் அறிமுகம் செய்தவர் ஸ்டீவி வொண்டர். 2020 மார்ச் 30 அன்று, எண்பத்தொரு வயதில், இதயக் கோளாறால் லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார்.

உங்கள் நண்பருக்கு ஆல்பங்களை வரிசையாகக் கொடுக்கவேண்டாம். 1972 அக்டோபர் 6 அன்று நியூயார்க் கார்னகி ஹால் அரங்கில் பாடியது ஆல்பமாகப் பதிவாகியிருக்கிறது, அதை மட்டும் கொடுங்கள். ஜேம்ஸ் கேட்சனின் டிரம்ஸுக்காகவே இரண்டு தடவை கேட்கலாம். அதில் வியட்நாம் போரில் வலது கையை இழந்த ஒரு சிப்பாயின் பாட்டு வருகிறது, இடது கையால் எழுதவராததால் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதித் தரச்சொல்லி யாரையோ கேட்கிறான். பாட்டுக்கு முன்னால் விதர்ஸ் கொஞ்ச நேரம் சும்மா பேசிக்கொண்டிருப்பார், அந்தப் பையனைப் பற்றி. பேச்சு எங்கே முடிந்து பாட்டு எங்கே தொடங்கியது என்று நண்பரிடம் கேளுங்கள், அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்