ஊர் எனக்காகக் காத்திருக்க வேண்டாமா?

மேடம், வணக்கம்.

எனக்கு வயது 37. திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் வாடகை வீடு. மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சொந்த ஊர் தென்காசி மாவட்டம், பண்பொழிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஊர்ப் பேரைச் சொன்னாலே, "அப்படி ஒரு இடத்தை விட்டுட்டா இங்க வந்து கிடக்கிறீங்க?" என்று கேட்கிறார்கள். நான் என்னவோ ஆசைப்பட்டு வந்த மாதிரி!

எங்கள் வயலில் நின்றால் மேற்கே மலைத்தொடர், நேரே திருமலை முருகன் கோயில். ஆனியில் சாரல் பிடித்தால் ஆவணி வரை வெயில் உறைக்காது. மேக்கரையில் அடவிநயினார் அணை நிரம்பி வழிகிற சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான். இங்கே எனக்கு டிரெய்லர் லாரியும் புழுதியும்தான். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் ஜன்னலைச் சாத்தணும். 2023 டிசம்பரில் அம்மோனியா கசிந்த ராத்திரி எண்ணூர் பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஆட்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். என் மகளுக்கு 6 வயது, அடிக்கடி மூச்சு இரைக்கிறது. இவ்வளவையும் பார்த்துக்கொண்டு இங்கேயே இருக்கணுமா?

மனைவி தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். ஊரோடு போயிடலாம் என்று நான் பேச்செடுத்தால், "எப்போ?" என்பாள். அந்த ஒரு வார்த்தைதான். அதுவே கிண்டலாக இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து இதே கதை. வேலையிலும் மரியாதை இல்லை. எனக்குப் பிறகு வந்தவனுக்கு பகல் ஷிப்ட், எனக்கு இன்னும் ராத்திரி. தென்காசி 2019-லேயே தனி மாவட்டமாகிவிட்டது, இவர்களுக்கு நான் இன்னும் 'திருநெல்வேலிக்காரர்'தான். ஊர் அருமை தெரியாதவர்களோடு என் காலம் போகிறது.

அப்பா, அம்மா ஊரில். தங்கையைச் சுரண்டையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அப்பாவுக்கு 71. ராத்திரி பன்றி விரட்டப் போன இடத்தில் வரப்பு வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டது. போகாதீங்க என்று போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன், கேட்டால்தானே! கார் போக நெல் அறுப்பு முடிந்ததும், அடுத்த போகமான பிசானத்துக்கு வயலைப் பக்கத்து வயல்காரருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டாராம். தங்கை சொல்லித்தான் எனக்கே தெரியும். சரி, அவர் நிலம், அவர் இஷ்டம்.

நான் கேட்பது ஒன்றுதான். இங்கேயே இருப்பதா, ஊருக்குப் போவதா? கொஞ்ச நாளாகத் தூக்கமே இல்லை. ஷிப்ட் முடிந்து வந்து படுத்தாலும் கண் மூட மாட்டேன் என்கிறது. என் பக்கம் நின்று பேச ஒருத்தர்கூட இல்லை.

- வாசகர், திருவொற்றியூர்

---

அன்புள்ள தம்பிக்கு,

மலையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். லாரி, புழுதி, ஷிப்ட், மனைவி, எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்திருக்கிறீர்கள். குத்தகை விஷயத்தை மட்டும் அவசரமாகச் சொல்லிவிட்டு, யாரும் அதைப் பற்றிக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல அடுத்த பேச்சுக்குப் போய்விட்டீர்கள். நான் அதைத்தான் கேட்கப் போகிறேன்.

தூக்கம் போனது கொஞ்ச நாளாக என்கிறீர்கள். டிரெய்லர் லாரி நேற்றா ஓட ஆரம்பித்தது? மனைவி இப்போதுதான் "எப்போ?" என்று கேட்கிறாரா? ராத்திரி ஷிப்டும் பழையதுதான். இந்தக் கடிதத்தில் புதிதாக நடந்தது ஒன்றே ஒன்று. அப்பா வயலை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டார், உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வலிக்கத்தான் செய்யும். இத்தனை வருஷம் இங்கே யார் எப்படி நடத்தினாலும், 'எனக்கென்று ஊரில் வயல் இருக்கிறது, அப்பா பார்த்துக்கொள்கிறார், என்றைக்கு வேண்டுமானாலும் போய் நிற்கலாம்' என்ற ஒரு பிடி உங்களுக்கு இருந்தது. அதை நம்பித்தான் மணலியில் ராத்திரி முழுக்க நிற்க முடிந்தது. இப்போது அப்பா, நீங்கள் வருவீர்கள் என்று காத்திருப்பதை நிறுத்திவிட்டார். அதுவும் கோபப்படாமல், சண்டை போடாமல். கோபப்பட்டிருந்தால்கூட நீங்கள் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஆனால் தம்பி, இந்த விஷயத்தில் நான் அப்பா பக்கம்.

71 வயது மனிதர் அகாலத்தில் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஈர வரப்பில் நடக்கிறார். மலையடிவாரத்து வயலுக்குப் பன்றி வரும், சில வருஷம் யானையும் வரும். நாற்று நட ஆள் கிடைக்காது, அறுப்பு மிஷினுக்கு வரிசையில் நிற்கணும். சாரலில் நீங்கள் பார்க்கிற அதே மலை அவருக்கு ராத்திரிக் காவல். விழுந்த பிறகும் கார் அறுப்பை முடித்துவிட்டுத்தான் கொடுத்திருக்கிறார், பாதியில் போட்டுவிட்டு ஓடவில்லை. போகாதீர்கள் என்று நீங்கள்தானே படித்துப் படித்துச் சொன்னீர்கள்? அவர் கேட்டுவிட்டார். வயலுக்குப் போகாமல் இருக்க அவருக்கு இருந்த வழி இதுதான். உங்களிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "கொஞ்சம் பொறுங்கப்பா, நான் வந்துடறேன்" என்றிருப்பீர்கள். அதை நம்பி அவர் பிசானத்துக்கும் இறங்கியிருப்பார். உங்களை அந்த வாக்குக் கொடுக்க வைக்கக் கூடாது என்றுகூட அவர் நினைத்திருக்கலாம். அவரிடம் கேட்காமல் எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

இன்னொன்று. ஊர் அருமை தெரியாதவர்கள் என்று சுற்றியிருப்பவர்களைச் சொல்கிறீர்கள். எண்ணூர்க் குப்பங்களில் போய்க் கேட்டுப் பாருங்கள். கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்தவர்கள் அவர்கள். அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றில் இறங்கியதையும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து வலையிலும் படகிலும் அப்பியதையும் அங்கேயே இருந்து பார்த்தார்கள். ஊரை விட்டு எங்கேயும் போகவில்லை, ஊர்தான் அவர்கள் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் மனைவியும் இந்தக் கடலோரத்துப் பெண்தான். அவருடைய ஊரை அவர் காதுபடவே இத்தனை வருஷம் குப்பை என்று சொல்லி வந்திருக்கிறீர்கள். அவருக்கும் ஊர் என்று ஒன்று இருக்கிறது என்பது உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

அவர் கேட்கிற "எப்போ?" எனக்குக் கிண்டலாகத் தெரியவில்லை. எந்த மாசம், அங்கே என்ன வேலை, பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம், மாமனார் மாமியாரோடு ஒரே வீடா, தனி வீடா? குடும்பம் நடத்துகிற பெண் இதைத்தான் கேட்பாள். நீங்கள் பதில் சொல்லாமல் மலையைக் காட்டினீர்கள். உண்மையாகவே போவதாக இருந்தால் தென்காசியிலோ செங்கோட்டையிலோ உங்களுக்கு என்ன வேலை கிடைக்கும், என்ன சம்பளம் வரும் என்று ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். எழுத முடியவில்லையென்றால் இப்போதைக்கு அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். சண்டை வருகிற ராத்திரியில் எடுக்கவே எடுக்காதீர்கள்.

இருப்பதா போவதா என்று நான் சொல்லப் போவதில்லை. ஒரு போகத்துக்குக் குத்தகை விட்டதால் நிலம் கைமாறிவிடாது. போகணும் என்று நிஜமாகவே முடிவெடுத்தால் மாசி, பங்குனியில் பிசான அறுப்பு முடிந்ததும் அப்பாவோடு உட்கார்ந்து பேசலாம். அதற்கு முன்னால் ஒரு லீவு போட்டு பொதிகை ரயிலில் ஏறிப் போய் வாருங்கள். ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று ஆரம்பிக்காதீர்கள். கால் வீக்கம் வடிந்ததா, ராத்திரி தூங்குகிறாரா, குத்தகைக்குப் பணம் பேசியிருக்கிறாரா, நெல்லா என்று கேளுங்கள். பேசப் பேச மற்றதை அவரே சொல்லுவார். சொல்லாவிட்டாலும் நச்சரிக்க வேண்டாம்.

மகளின் மூச்சிரைப்பை மட்டும் இந்த வழக்கில் சாட்சியாக நிறுத்தாதீர்கள். நீங்கள் ஊருக்குப் போனாலும் போகாவிட்டாலும் அது தனியாகப் பார்க்க வேண்டியது. எப்போதெல்லாம் இரைக்கிறது, ராத்திரியிலா, குளிர்ந்த நாளிலா, புகை வந்தாலா என்று குறித்துக்கொண்டு இந்த வாரமே குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள். மனைவியையும் கூட அழைத்துப் போங்கள். குழந்தைக்கு எப்போது இரைக்கிறது என்பது உங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கும், ராத்திரியில் வீட்டில் இருப்பவர் அவர்தானே.