ஃபுட் ஸ்டாம்ப்பில் கூல்டிரிங்ஸுக்குத் தடை சரியா? கேள்வி பதில்

டெட்ராய்ட் பக்கம் ஒரு மளிகைக் கடையில் ஆறு வருடம் பில் போட்டேன். இப்போது வருமானம் குறைந்தவர்கள் வரும் ஒரு கிளினிக்கில் ஊட்டச்சத்து ஆலோசகர். வருமானம் குறைந்தவர்கள் உணவு வாங்க அமெரிக்க அரசு மாதாமாதம் ஒரு கார்டில் பணம் போடும் திட்டம்தான் ஸ்நாப் எனப்படும் ஃபுட் ஸ்டாம்ப். அதைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: கார்டு வைத்திருப்பவர்கள், பணம் ஏறும் நாளுக்கு முந்தைய நாள் பின் நம்பரை மாற்றிவிடுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் இந்தக் கார்டுக்குச் சிப் கிடையாது. கடை மெஷினில் திருட்டுக் கருவியை மாட்டி நகல் எடுத்துவிடுகிறார்கள்.

கேள்வி (நியூ ஜெர்சி): அக்கா, சில மாநிலங்களில் ஃபுட் ஸ்டாம்ப்பில் கோக், மிட்டாய் வாங்க முடியாதாமே? திடீரென்று ஏன்?

திடீரென்று இல்லை தம்பி. இந்தச் சண்டைக்கு அறுபது வயதுக்கு மேல். 1964-ல் சட்டம் வந்தபோதே, கீழவை மசோதாவில் கூல்டிரிங்ஸுக்கும் ஆடம்பர உணவுக்கும் தடை இருந்தது. நடைமுறைப்படுத்துவது கஷ்டம் என்று செனட் அதை எடுத்துவிட்டது. மது, புகையிலை, சூடான சாப்பாடு, மருந்து, வைட்டமின் மாத்திரை இவற்றுக்குத்தான் தடை. மற்றபடி உணவு என்றால் வாங்கலாம்.

2004-ல் மின்னசோட்டா மாநிலம் மத்திய விவசாயத் துறையிடம் தடைக்கு அனுமதி கேட்டது, கிடைக்கவில்லை. 2010-ல் நியூயார்க் மேயர் ப்ளூம்பெர்க் சர்க்கரைப் பானங்களுக்கு மட்டும் கேட்டார். 2011-ல் அதுவும் நிராகரிப்பு. ஒபாமா காலத்தில் மறுத்தார்கள், புஷ் காலத்திலும் மறுத்தார்கள். 2025 மே மாதம்தான் விவசாயத் துறைச் செயலர் ப்ரூக் ராலின்ஸ் முதன்முதலாக நெப்ராஸ்காவுக்கு அனுமதி கொடுத்தார். 2026 ஜனவரி 1 முதல் நெப்ராஸ்கா, ஐயோவா, இண்டியானா, யூட்டா, மேற்கு வர்ஜீனியா ஆகிய ஐந்தும் தொடங்கின. இன்னும் பல வரிசையில் நிற்கின்றன.

கேள்வி (சான் ஹோசே): நாங்கள் எச்1பி-யில் இருக்கிறோம். எங்களுக்குக் கிடைக்குமா?

கிடைக்காது. இங்கே பிறந்த குழந்தைக்கு, வருமானம் தகுதிக்குள் இருந்தால் உண்டு. விண்ணப்பிக்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள். இது என் துறை இல்லை.

கேள்வி (அட்லாண்டா): என் வரிப்பணத்தில் ஏன் ஒருவர் கோக் வாங்க வேண்டும்? நேராகப் பதில் சொல்லுங்கள்.

நேராகவே சொல்கிறேன் அண்ணா. வாங்கக் கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் உங்கள் காரணம் வேறு, என் காரணம் வேறு.

கிளினிக்கில் என் மேஜையில் 20 அவுன்ஸ் கோக் பாட்டில் ஒன்று காலியாக இருக்கும், பக்கத்தில் சர்க்கரை டப்பா. வருகிறவர்களிடம் ஸ்பூனைக் கொடுத்து, இதில் எவ்வளவு சர்க்கரை இருந்திருக்கும் என்று போடச் சொல்வேன். நாலைந்து ஸ்பூன் போட்டு நிறுத்திவிடுவார்கள். இன்னும் போடுங்கள் என்பேன். பதினாறு ஸ்பூன், 65 கிராம். எட்டாவது ஸ்பூனிலேயே பாதிப் பேருக்கு முகம் மாறிவிடும். சர்க்கரை நோயில் கால் விரலை இழந்த ஒருவர் பதினாறையும் போட்டுவிட்டு, மூடியைத் திருகி, பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். இந்தப் பானத்தை உணவு உதவிக் கணக்கில் சேர்க்க என் மனம் ஒப்பவில்லை.

ஆனால் "அவர்கள்தான் குடிக்கிறார்கள்" என்று சொல்லாதீர்கள். விவசாயத் துறை 2016-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது, ஒரு பெரிய கடைத் தொடரின் 2011 பில்களை வைத்து. ஸ்நாப் குடும்பங்களின் உணவுச் செலவில் சர்க்கரைப் பானங்களுக்கு 9.25 சதவீதம். ஸ்நாப் இல்லாத குடும்பங்களுக்கு 7.1. இரண்டு சதவீத வித்தியாசம்தான். இது ஏழைகளின் கெட்ட பழக்கம் இல்லை, இந்த நாட்டின் கெட்ட பழக்கம். ஒரு ஆளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாகக் கிடைப்பது 6 டாலர். அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஒஹையோ): அப்படியென்றால் தடையை ஆதரிக்கிறீர்களா இல்லையா?

சர்க்கரைப் பானத்துக்கு மட்டும், கூடவே காய்கறி பழத்துக்குக் கூடுதல் பணம் கொடுத்தால், ஆதரிக்கிறேன். தடை மட்டும் என்றால் இல்லை. மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்குத் தடை மட்டும், ஒரு குழுவுக்குக் காய்கறிச் சலுகை மட்டும், இன்னொன்றுக்கு இரண்டும். இரண்டும் கிடைத்த குழுவின் சாப்பாடுதான் நன்றாகத் திருந்தியது. அதற்கு முன்பே மாசசூசெட்ஸில் ஹாம்ப்டன் கவுண்டியில், காய்கறிக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் திருப்பிக் கொடுத்துப் பார்த்தார்கள். நாளுக்குக் கால் கப் அளவு காய்கறி பழம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள்.

கேள்வி (சிகாகோ): மிட்டாயையும் சேர்த்துத் தடுத்தால் என்ன?

எது மிட்டாய்? ஐயோவா தன் விற்பனை வரிச் சட்டத்தையே அளவுகோலாக எடுத்துக்கொண்டது. அந்தச் சட்டப்படி மாவு கலந்திருந்தால் அது மிட்டாய் இல்லை. ஆகவே ஸ்னிக்கர்ஸ் கூடாது, ட்விக்ஸ் கூடும். நம்ம மைசூர்பாகை எங்கே வைப்பீர்கள்? கடலை மாவும் மாவுதானா என்று இந்தியக் கடையில் பில் போடும் பையனா முடிவு செய்வது?

கவுண்டரில் நின்றவள் என்பதால் சொல்கிறேன். சூடான உணவுக்குத் தடை என்று சொன்னேன் அல்லவா? ஒரு நாள் சாயங்காலம் ஒரு அம்மா, இடுப்பில் குழந்தை, கையில் சூடான முழுக்கோழி. வேலை முடிந்து வந்திருக்கிறாள். மெஷின் ஏற்கவில்லை. அதே கோழி, நேற்றுச் சுட்டது, ஃப்ரிட்ஜில் ஆறிக் கிடக்கிறது, அதை எடுத்தால் கார்டு செல்லும் என்று நான்தான் அவளிடம் சொன்னேன். பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர். அவள் கோழியைக் கவுண்டர் பெல்ட்டிலேயே வைத்துவிட்டு, பால் மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். விதியை எழுதுகிறவர்கள் யாரும் அந்த வரிசையில் நின்றதில்லை.

கேள்வி (பாஸ்டன்): ஓபிடி-யில், அதாவது படிப்பு முடித்து மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கும் அனுமதியில் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாமா?

முடியாது. மேலே பாருங்கள்.

கேள்வி (டென்வர்): எனர்ஜி டிரிங்க் வாங்கலாமா?

தடை இல்லாத மாநிலத்தில், டப்பாவில் ஊட்டச்சத்து விவரம் என்று அச்சிட்டிருந்தால் உணவு, வாங்கலாம். சப்ளிமெண்ட் என்று போட்டிருந்தால் கிடையாது.

கேள்வி (சியாட்டில்): எதற்கு இவ்வளவு தலைவலி? நம்ம ஊர் ரேஷன் மாதிரி அரிசி பருப்பாகவே கொடுத்துவிடலாமே!

நானும் ரேஷன் அரிசி சாப்பிட்டு வளர்ந்தவள்தான். தமிழ்நாட்டு ரேஷனின் பெரிய பலம், கார்டு எல்லோருக்கும் உண்டு என்பது. வரிசையில் நிற்பதில் கூச்சம் இல்லை. ஆனால் பையில் என்ன இருக்கிறது? 2011 ஜூனிலிருந்து இலவச அரிசி, மலிவு விலையில் சர்க்கரை, 25 ரூபாய்க்குப் பாமாயில். பசி போயிற்று, அது பெரிய சாதனை. சர்க்கரை நோய்க்கு அந்தப் பை மருந்தா?

இங்கேயும் பொருளாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பழங்குடி மக்களின் ஒதுக்கீட்டு நிலங்களுக்குப் பல பத்தாண்டுகள் போனது மைதா, பன்றிக் கொழுப்பு, டின் இறைச்சி, பாலாடைக்கட்டி. அதில் பொரித்த ரொட்டி அவர்கள் சமையலாகவே ஆகிவிட்டது. இப்போது அந்தப் பெட்டியில் காய்கறி வருகிறது, ஆனால் நோய் முந்திக்கொண்டது. அரசு தேர்ந்தெடுத்தால் நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர்கள் அந்த ஊர்களைப் பார்க்க வேண்டும்.

மீண்டும் சியாட்டில்: விக் திட்டத்தில் இன்னின்ன பொருள்தான் என்று பட்டியல் போட்டுத்தானே கொடுக்கிறார்கள்? அது நன்றாக நடக்கிறதே?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குள்ளான குழந்தைகளுக்குமான அந்தத் திட்டத்தில், 2009-ல் பட்டியலைத் திருத்தினார்கள். பழச்சாற்றைக் குறைத்து முழுத் தானியம் சேர்த்தார்கள், காய்கறி பழத்துக்குத் தனிப் பணம் கொடுத்தார்கள். 2 முதல் 4 வயதுக் குழந்தைகளில் உடல் பருமன் 2010-ல் 15.9 சதவீதம், 2014-ல் 14.5. பட்டியல் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் என் வாதத்துக்கு இது இடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

சிகாகோ: அது குழந்தைகளுக்கு அக்கா. வளர்ந்த மனிதனுக்குப் பட்டியல் போடுவது அவமானம். என் அப்பா இங்கே வேலை போன வருடம் அந்தக் கார்டை வைத்துத்தான் எங்களுக்குச் சோறு போட்டார்.

சியாட்டில்: அவமானம் பட்டியலில் இல்லை, கவுண்டரில் தனியாகத் தெரிவதில்தான்.

இரண்டு பேரும் சொல்வது உண்மை. அதனால்தான் மிட்டாய், பிஸ்கட், ஐஸ்கிரீம் என்று நீளும் பட்டியலை எதிர்க்கிறேன். சிகாகோ தம்பி, பிள்ளை பிறந்தநாளுக்கு உங்கள் அப்பா அந்தக் கார்டில் ஒரு கேக் வாங்கியிருந்தால், அதைக் கேட்க எனக்கும் உரிமையில்லை, அரசுக்கும் இல்லை. கோக் வேறு. அதில் சர்க்கரையைத் தவிர ஒன்றுமே இல்லை.

கேள்வி (ஹூஸ்டன்): விசிட்டர் விசாவில் வந்த மாமியாருக்கு…

இல்லை. விசா கேள்விகளுக்கு இனி பதில் எழுதமாட்டேன், மன்னியுங்கள்.

கேள்வி (இண்டியானா): கார்டிலிருந்து 300 டாலர் திருடுபோய்விட்டது. திரும்பக் கிடைக்குமா?

அம்மா, இதற்குத்தான் ஆரம்பத்திலேயே சொன்னேன். 2024 டிசம்பர் 20-க்குப் பிறகு திருடுபோனதை மத்திய அரசுப் பணத்தில் ஈடுசெய்வதில்லை. உடனே கார்டின் பின்பக்க எண்ணைக் கூப்பிட்டு முடக்குங்கள், புதுக் கார்டு கேளுங்கள், 1111 மாதிரி பின் வைக்காதீர்கள். மாத முடிவு வரை சாப்பாட்டுக்கு 211-ஐ அழைத்தால் பக்கத்து உணவு வங்கியைச் சொல்வார்கள். இன்றைக்கே அழையுங்கள்.

கேள்வி (டெட்ராய்ட்): காய்கறிக்குக் கூடுதல் பணம் என்றீர்களே, இங்கே எங்கே கிடைக்கும்?

நம்ம ஊரிலேயே 2009-ல் தொடங்கியதுதான் டபுள் அப். சனிக்கிழமை ஈஸ்டர்ன் மார்க்கெட் போங்கள், பிரிட்ஜ் கார்டை (மிச்சிகனில் ஃபுட் ஸ்டாம்ப் கார்டுக்கு அதுதான் பெயர்) காட்டி டபுள் அப் வேண்டும் என்று கேளுங்கள். செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் காய்கறி பழம் வாங்க இன்னொரு டாலர் தருவார்கள். காலையிலேயே போய்விடுங்கள், நல்ல கீரை சீக்கிரம் தீர்ந்துவிடும். வெண்டைக்காய் ஆகஸ்டில் வரும்.