நான்கு மணிக்கே விழித்துக்கொள்ளும் பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு ஒன்றே முக்கால் வயது ஆகிறது. இரவு 7 மணிக்கே தூங்கிவிடுகிறான். அதிகாலை 4 மணிக்கு எழுந்து பால் கேட்கிறான். குடித்த பிறகும் படுப்பதில்லை என்பதால் கைப்பேசியைக் கொடுத்துவிடுகிறேன். காலை 8 மணிக்கு ஒரு மணி நேரமும் மதியம் ஒன்றரை மணி நேரமும் தூங்குகிறான். நான் பீடி சுற்றி முடித்துப் படுக்க இரவு 11 ஆகிறது. பிள்ளை அதிகாலையில் எழுவது நல்லதுதானே என்கிறார் மாமியார். எனக்கோ பகலெல்லாம் கண்ணைக் கட்டுகிறது. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, முக்கூடல்.

பதில்: கணக்குப் பார்த்தால் உங்கள் மகன் நாளொன்றுக்கு பதினொன்றரை மணி நேரம் தூங்குகிறான். இந்த வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுவதால், அவனுக்குக் குறையொன்றும் இல்லை. தூக்கம் கெட்டிருப்பது உங்களுக்குத்தான்.

காலை 8 மணித் தூக்கம் உண்மையில் இரவுத் தூக்கத்தின் மிச்சம். அது கிடைக்கும்வரை 4 மணிக்கு எழுவது அவனுக்குச் சிரமமாக இராது. ஆகவே அந்தத் தூக்கத்தை மூன்று நாள்களுக்கு ஒருமுறை கால் மணி நேரம் தள்ளிக்கொண்டே போய் மதியத் தூக்கத்தோடு சேர்த்துவிடுங்கள். இரவில் படுக்கவைக்கும் நேரத்தையும் அதே போலத் தள்ளி 8 மணிக்குக் கொண்டுவாருங்கள். ஒரே நாளில் மாற்றினால் பிள்ளை களைத்துப்போய் முன்னிலும் சீக்கிரம் எழக்கூடும்.

விடியலுக்கு முந்தைய தூக்கம் இயல்பாகவே லேசானது. மாமியார் முற்றம் தெளிக்க எழுந்து அடுக்களை விளக்கைப் போட்டால், அந்த வெளிச்சமே அவனை எழுப்பிவிடப் போதும். கதவைச் சாத்தியோ திரை போட்டோ அதை மறையுங்கள். கைப்பேசியை உடனே நிறுத்துங்கள். பாலை நாளுக்கு நாள் குறைத்து, 6 மணிக்கு மேல் கொடுத்துப் பழக்குங்கள்.

இவற்றின் பலன் தெரியத் தொடங்கவே இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம். அதுவரை, எழும் பிள்ளையை வாரத்தில் சில நாள்களாவது அப்பாவோ ஆச்சியோ பார்த்துக்கொள்ளட்டும். அதிகாலை நல்லது என்பவர் அந்த நேரத்துக்குத் துணையிருப்பதுதானே முறை? ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவரிடம் வேலையைக் குறைக்கச் சொல்வது எளிதல்ல என்றாலும், மகன் மதியம் தூங்கும்போது பீடி சுற்றும் தட்டை எடுக்காமல் நீங்களும் படுத்துக்கொள்ளுங்கள்.

குறட்டை, வாயால் மூச்சு விடுதல், இரவில் ஆசனவாயைச் சொறிதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இன்னொன்று: நீங்கள் கண்ணயர்ந்திருக்க, அவன் மட்டும் விழித்திருக்கும் வீட்டில் புகையிலைத் தூள் கிடக்கும் தட்டு தரையில் இருக்கக் கூடாது, சிறிதளவு வாயில் போட்டாலும் குழந்தைக்கு அது நஞ்சு என்பதால், இரவே எட்டாத உயரத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.