ஐந்து ஏக்கர் புல்லுக்கு எந்த மெஷின்?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே: ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்து வாரகல் பக்கம் ஐந்து ஏக்கர் வாங்கியாயிற்று. பழைய சொந்தக்காரர் இரண்டு வருஷமாகக் கை வைக்காத நிலம். இடுப்பளவு புல், ஓடையோரம் பிளாக்பெரி முள். கடைக்காரர் குவாட் பைக்குக்குப் (நாலு சக்கரப் பண்ணை பைக்) பின்னால் கட்டி இழுக்கும் ரஃப் கட் மோவரை, அதாவது முரட்டுப் புல் வெட்டும் மெஷினைக் காட்டுகிறார். பக்கத்து நிலத்துப் பெரியவரோ டிராக்டரும், அதன் பின்னால் மாட்டிப் புதர் வெட்டும் ஸ்லாஷரும் இல்லாமல் ஆகாது என்கிறார். இரண்டில் எது?

முதல் வெட்டுக்கு இரண்டுமே வேண்டாம். ஸ்லாஷிங் கான்ட்ராக்டர் ஒருவரைக் கூப்பிட்டு முடித்துவிடுங்கள். பல காலம் கிடந்த புதரை வெட்டுவதுதான் இருப்பதிலேயே முரட்டு வேலை. அதற்குத் தாங்கும் மெஷினை வாங்கினால், அடுத்த வருஷத்திலிருந்து அது உங்கள் நிலத்துக்கு அளவுக்கு மீறியதாக ஷெட்டில் நிற்கும். இரண்டாவது வெட்டை மனதில் வைத்து மெஷின் வாங்குங்கள்.

கான்ட்ராக்டர் வருவதற்கு முன் நிலத்தை நடந்து பார்க்க வேண்டும். இதை யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை. குளிர்காலக் கடைசியில் (இங்கே ஆகஸ்ட்), புல் படுத்துக் கிடக்கும்போதே நடந்துவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் டைகர் ஸ்னேக் என்ற விஷப்பாம்பின் நடமாட்டம் தொடங்கிவிடும். உயரமான பூட்ஸ், கையில் ஒரு கம்பு, ஒரு கட்டுச் சிவப்பு ரிப்பன். விழுந்த வேலிக் கம்பி, இரும்புக் கம்பம், அடிமரம், வாம்பாட் என்ற விலங்கு தோண்டிய குழி, எது தென்பட்டாலும் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு ரிப்பன் கட்டுங்கள். கல்லில் மோதினால் பெரும்பாலும் பிளேடுதான் கெடும். கம்பி அப்படியல்ல. பிளேடுக்கு மேலே தண்டில் சுற்றிக்கொண்டு இறுகும், ஆயில் சீலை அறுக்கும், கியர்பாக்ஸ் எண்ணெய் சொட்டுச் சொட்டாகப் புல்லில் இறங்கிவிடும். ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. கியர் வறண்டு கத்தும்போதுதான் தெரியும், அதற்குள் செலவு வந்துவிட்டது.

இப்போது மெஷினுக்கு வருவோம். ஐந்து ஏக்கர் என்பது சுமார் 20,000 சதுர மீட்டர். கடைக்காரர் காட்டிய ரஃப் கட் மோவர் 44 அங்குலம், அதாவது ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்தால் கணக்குப்படி நாலு மணி நேரம். திருப்பம், வரிசைக்கு வரிசை ஏறி வெட்டுவது எல்லாம் சேர்த்து ஒரு பகல் வேலை. கையால் தள்ளி நடக்கும் 60 சென்டிமீட்டர் பிரஷ் மோவரில் இதே வேலை இரண்டு நாள் இழுக்கும், முதுகு தனி. அது மரத்தடிக்கும் செங்குத்தான ஓடைக்கரைக்கும்தான். அதற்கு மட்டும் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள்.

இழுக்கும் மோவருக்குச் சொந்த எஞ்சின் உண்டு, குவாட் பைக் இழுத்தால் போதும். வீட்டுப் புல்வெளிக்கான, உட்கார்ந்து ஓட்டும் ரைட்-ஆன் மோவரை வைத்து மேட்டில் இழுக்க நினைக்காதீர்கள், அதன் டிரான்ஸ்மிஷன் அந்தப் பாரத்துக்குச் செய்யப்பட்டதல்ல. விளம்பரத்தில் இரண்டு, மூன்று அங்குலக் கன்றுகளையும் வெட்டும் என்று போட்டிருப்பான். கட்டைவிரல் தடிமன் என்று எடுத்துக்கொள்ளுங்கள், மெஷின் நீடிக்கும். வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். பக்கவாட்டில் தள்ளி இழுக்கும்படி ஹிட்ச் (இணைப்பு) அமைப்பு இருக்கிறதா? இல்லையென்றால் குவாட் பைக் சக்கரம் முதலில் புல்லை நசுக்கும், படுத்த புல் வெட்டுப்படாது. அடுத்தது, பிளேடு கல்லில் பட்டால் பின்னால் மடங்கிக்கொள்ளும் வகையா, விறைப்பான ஒரே பட்டையா? நம் மண்ணுக்கு மடங்குவதே நல்லது.

பெரியவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இருபது ஏக்கரும் மாடும் இருந்தால் டிராக்டர்தான். ஐந்தடி ஸ்லாஷருக்கு 25, 30 குதிரைத்திறன், நிமிஷத்துக்கு 540 சுற்று பி.டி.ஓ. (டிராக்டர் எஞ்சினிலிருந்து ஸ்லாஷரைச் சுற்றும் தண்டு), கூடவே பிளேடு சிக்கினால் நழுவிக்கொடுக்கும் ஸ்லிப் கிளட்ச். ஆனால் உங்கள் நிலம் சரிவு. சரிவில் குறுக்காக ஓட்டினால் டிராக்டரும் கவிழும், குவாட் பைக்கும் கவிழும். டிராக்டரில் கவிழ்வுக் கூண்டும் சீட் பெல்ட்டும் இல்லாமல் ஏறவே ஏறாதீர்கள். 2021 அக்டோபர் முதல் இங்கே விற்கும் புது குவாட் பைக்குகளில், கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் சட்டகம் கட்டாயம். பழையது மலிவாகக் கிடைக்கிறது என்றால், அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

‘ஊரில் சீமைக்கருவேலத்தை ஜே.சி.பி. வைத்து வேரோடு பிடுங்கினோமே, இங்கேயும் செய்யலாமா?’ என்றும் கேட்டிருந்தீர்கள். உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலைக் கேட்காமல் செய்துவிடாதீர்கள். விக்டோரியாவில் இந்த மண்ணுக்கே உரிய மரம், செடி, ஏன், புல்லை எடுக்கக்கூடப் பெரும்பாலும் அனுமதி வேண்டும். களை என்று நீங்கள் நினைப்பது வாட்டில் என்ற இந்த மண்ணின் மரக்கன்றாக இருக்கலாம். பிளாக்பெரி களைதான், ஆனால் வெட்டினால் சாகாது. அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும், கொடி நுனி மண்ணில் தொட்ட இடத்திலும் வேர்விடும். வெட்டியபின் நன்றாகத் துளிர்க்க விட்டு, இலை நிறைந்தபின் மருந்தடிக்க வேண்டும். ஓடையோரம் என்பதால் எந்த மருந்து என்று கேட்டுவிட்டு அடியுங்கள்.

அப்புறம் தீ. இங்கே புல்லை வெட்டுவதே அதற்காகத்தான். 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியாவில் எரிந்த தீயில் 173 பேர் இறந்தார்கள். பன்யிப் காட்டில் பிடித்த தீ அன்று நம் பக்கம் லாபர்டூஷ் வரை வந்து வீடுகளை எரித்தது. ஆனால் காய்ந்த புல்லில் பிளேடு கல்லில் உரசினால் அதுவே தீப்பொறி. தீ அபாயக் காலம் அறிவித்தபின் மெஷின் ஓட்டுவதானால் புகைக்குழாயில் தீப்பொறியைத் தடுக்கும் ஸ்பார்க் அரெஸ்டர் வேண்டும், குறைந்தது ஒன்பது லிட்டர் தண்ணீர் பிடிக்கும் முதுகுப் பம்போ தீயணைப்பானோ கூடவே இருக்க வேண்டும். முழுத் தீத்தடை நாளில் மெஷினைத் தொடாதீர்கள். அந்தக் காலம் எப்போது தொடங்கும் என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும், மாநிலக் கிராமப்புறத் தீயணைப்பு அமைப்பான சி.எஃப்.ஏ. தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் கான்ட்ராக்டரிடம் செப்டம்பரிலேயே நாள் வாங்கிவிடுங்கள். நவம்பரில் புல்லை வெட்டச் சொல்லிக் கவுன்சில் நோட்டீஸ் வந்தபின் ஊரே அவரைத்தான் கூப்பிடும். மண் ஈரம் காய்வதற்கு முன்னால் வரச் சொன்னாலும் வரமாட்டார், டிராக்டர் புதையும். முதல் சுற்றில் ஓர் அடி உயரம் விட்டு வெட்டி, இரண்டாம் சுற்றில் பத்து சென்டிமீட்டருக்கு இறக்கச் சொல்லுங்கள். ரிப்பன் கட்டிய இடங்களை அவர் வருவதற்கு முந்தின நாள் போட்டோ எடுத்து அனுப்பினால், கட்டணத்தைச் சரியாகச் சொல்வார்.