ரொமாரியோ ஏன் ஊர் திரும்பினார்? – கால்பந்து கேள்வி பதில்

போன இதழில் 1994 உலகக் கோப்பை பற்றி நாலு வரி எழுதியதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி பிரேசில் ஸ்ட்ரைக்கர் ரொமாரியோவைப் பற்றித்தான். அதனால் இந்த முறை வேறு யாருக்கும் இடமில்லை, முழுக்க அவர்தான்.

1994-ல் உலகின் சிறந்த வீரர், பார்சிலோனாவின் முதல் ஸ்ட்ரைக்கர். அடுத்த ஆண்டு தொடங்கும்போது பிரேசில் கிளப்பில் ஆடிக்கொண்டிருக்கிறார். என்ன கூத்து இது? (வியாசர்பாடி வாசகர்)

கூத்துதான், ஆனால் அவரைத் தொடர்ந்து கவனித்தவர்களுக்கு அதிர்ச்சி இல்லை. ரொமாரியோவுக்கு ஐரோப்பா வேலை பார்க்கும் இடம், ரியோ டி ஜெனிரோ வாழும் இடம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அவருடைய இருபது சொச்சம் வருட ஆட்ட வாழ்க்கை முழுக்கப் புரிந்துவிடும்.

பிறந்தது 1966-ல், ரியோவின் ஜகரெஸீன்யோ ஃபவேலாவில் (குடிசைப் பகுதி). அப்புறம் குடும்பம் வீலா டா பென்யா பகுதிக்குக் குடிபெயர்ந்தது. ஒலாரியா என்ற சின்ன கிளப்பின் சிறுவர் அணி, அங்கிருந்து ரியோவின் பெரிய கிளப்பான வாஸ்கோ ட காமா, 1985-ல் அதன் பெரிய அணி. 1988 சியோல் ஒலிம்பிக்கில் 7 கோல் அடித்து அதிக கோல் அடித்தவரானார், பிரேசில் இறுதியில் சோவியத் யூனியனிடம் தோற்று வெள்ளி வாங்கியது. அந்த வேகத்திலேயே ஹாலந்தின் பி.எஸ்.வி. ஐந்தோவன் அவரை வாங்கிவிட்டது. சாதாரண கிளப் இல்லை, அந்த வருடத்து ஐரோப்பிய சாம்பியன், பின்னால் ஃபிலிப்ஸ் கம்பெனி. ஐந்து சீசன், மூன்று லீக் பட்டம், மூன்று முறை லீகின் அதிக கோல் அடித்தவர். குளிரையும் பயிற்சியையும் கடைசிவரை திட்டிக்கொண்டே அடித்த கோல்கள் இவை.

1993-ல் யோஹான் கிரைஃப் கோச்சாக இருந்த பார்சிலோனா. முதல் லீக் ஆட்டத்திலேயே ரியல் சொசியடாடுக்கு எதிராக ஹாட்ரிக். அந்த சீசன் 33 ஆட்டத்தில் 30 கோல், லீக் பட்டம். அது முடிந்த கையோடு உலகக் கோப்பை. அப்புறம் மனுஷன் ரியோவுக்குப் போனார், விடுமுறை முடிந்தும் வரவில்லை. கிரைஃப் காத்திருந்தார், சக வீரர்கள் முணுமுணுத்தார்கள், வந்து சேர்ந்தவருக்கும் அங்கே மனசு ஒட்டவில்லை. 1995 ஜனவரியில் ரியோவின் ஃப்ளமெங்கோ கிளப்புக்குக் கைமாறினார்.

ஃப்ளமெங்கோவுக்கு அது நூற்றாண்டு வருடம், பெரிய பெயர் ஒன்று வேண்டியிருந்தது, விளம்பரதாரர்களும் கை கொடுத்தார்கள். இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1994 ஜூலையில்தான் பிரேசில் ரெயால் என்ற புது நாணயத்துக்கு மாறியிருந்தது, அப்போது அது டாலருக்கு ஏறக்குறைய சமம். ஐந்து வருடம் முன்பு ஒரு பிரேசில் கிளப் இப்படி யோசித்திருக்கவே முடியாது.

பலன்? முதல் வருடம் பெருத்த ஏமாற்றம். ரியோ மாநிலப் போட்டியின் முடிவு ஆட்டத்தில் ஃப்ளுமினென்ஸே 3-2 என்று ஜெயித்தது, கடைசி நிமிடங்களில் அவர்களுடைய ரெனாட்டோ கவுச்சோவின் வயிற்றில் பட்டு உள்ளே போன கோல் அது. அதற்குப் பிறகு எட்முண்டோவையும் கொண்டுவந்து, ரொமாரியோ–சாவியோ–எட்முண்டோ மூவரும் உலகின் சிறந்த முன்வரிசை என்று விளம்பரம் செய்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. 1996-ல்தான் தோல்வியே இல்லாமல் மாநிலப் பட்டம் வந்தது. ஐரோப்பாவில் இன்னும் மூன்று வருடம் இருந்திருந்தால் கோப்பை அலமாரி பெரிதாகியிருக்கும், சந்தேகமில்லை. அதை அவர் அறிந்தே விட்டார் என்பது என் கணிப்பு. பைத்தியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சோம்பேறி, ஓடவே மாட்டார் என்கிறார்களே, உண்மையா?

ஓட மாட்டார் என்பது உண்மை. சோம்பேறி என்பது அரை உண்மை. 1.67 மீட்டர் உயரம், பிரேசிலில் செல்லப்பெயரே குள்ளன். பாக்ஸுக்கு (கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி கட்டம்) வெளியே எண்பது நிமிடம் சும்மா நடந்துகொண்டிருப்பார், டிஃபெண்டர் ஒரு நொடி பந்தைப் பார்க்கத் திரும்பினால் போதும், இவர் இரண்டு மீட்டர் தள்ளி நிற்பார். அந்த முதல் இரண்டு மூன்று எட்டில் அவரைப் பிடிக்க அன்றைக்கு ஆள் கிடையாது. கால் பின்னால் வீசி ஓங்கி அடிப்பது அரிது. நுனிக்காலால் ஒரு குத்து, கீப்பர் கால் எடுத்து வைப்பதற்குள் பந்து கடந்துவிடும். நம் கோச்சுகள் சின்னப் பையன்கள் நுனிக்காலால் அடித்தால் காதைத் திருகுவார்கள், இவர் அதை வைத்தே பிழைத்தார்!

யாராவது நம்பவில்லையென்றால் 1994 ஜனவரி 8, பார்சிலோனா 5 ரியல் மாட்ரிட் 0 ஆட்டத்தின் முதல் கோலைப் பாருங்கள். கோலுக்கு முதுகு காட்டி பந்தை வாங்கி, வலது காலால் அதை ஒட்டியபடியே அரை வட்டம் இழுத்துக்கொண்டு திரும்புகிறார். மாட்ரிட் டிஃபெண்டர் அல்கோர்ட்டா பாவம், அவர் திரும்பி முடிப்பதற்குள் பந்து வலைக்குள். அன்று ஹாட்ரிக்.

கார்னிவல் லீவுக்காக கோல் அடித்தார் என்பது கட்டுக்கதையா? (நாகர்கோவில் வாசகி)

கிரைஃபே சொன்ன கதை, அதனால் கொஞ்சம் மசாலா சேர்ந்திருந்தாலும் அடிப்படை இருக்கும். ஊரின் பெரிய தெருத் திருவிழாவான கார்னிவலுக்கு ரியோ போக லீவு கேட்டாராம். நாளைக்கு இரண்டு கோல் அடி, மற்றவர்களைவிட இரண்டு நாள் கூடுதலாகத் தருகிறேன் என்றாராம் கிரைஃப். மறுநாள் ஆட்டம் தொடங்கி இருபது நிமிடத்துக்குள் இரண்டாவது கோலையும் அடித்துவிட்டு, வெளியே எடுங்கள், ஒரு மணி நேரத்தில் விமானம் என்று சைகை காட்டினாராம். வேறு வழியில்லாமல் விட்டாராம்.

இதைவிட எனக்குப் பிடித்தது அவருடைய பழைய கோச் ஹிடிங்க் சொல்வது. பி.எஸ்.வி.யில் பெரிய ஆட்டத்துக்கு முன்னால் கோச் பதற்றமாக இருப்பதைப் பார்த்தால் ரொமாரியோ வந்து, கவலைப்படாதீர்கள், நான் கோல் அடிப்பேன், நாம் ஜெயிப்போம் என்பாராம். பத்துக்கு எட்டு தடவை சொன்னபடியே நடந்துவிடும் என்கிறார் ஹிடிங்க். திமிர் என்றால் திமிர்தான், ஆனால் கணக்குக் காட்டிய திமிர்.

1994 அணியில் அவரை முதலில் எடுக்கவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் விரிவாக?

1992 டிசம்பரில் போர்ட்டோ அலெக்ரேயில் ஜெர்மனியோடு நட்பு ஆட்டம். ஐரோப்பாவிலிருந்து வரவழைத்துவிட்டு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இதற்கா அவ்வளவு தூரம் வந்தேன் என்று பத்திரிகைக்காரர்களிடம் கொட்டிவிட்டார். கோச் பரைராவும், உடன் இருந்த ஸகாலோவும் கதவைச் சாத்தினார்கள். 1993-ல் தகுதிச் சுற்று தொடங்கியது, லா பாஸில் பொலிவியாவிடம் 2-0 தோல்வி. உலகக் கோப்பை தகுதிச் சுற்றில் பிரேசில் தோற்றது அதுதான் முதல் தடவை. ஊரே கொதித்தது, எல்லா வாயிலும் ஒரே பெயர்.

கடைசி ஆட்டம் செப்டம்பர் 19, ரியோவின் மரக்கானா மைதானத்தில் உருகுவேயோடு. தோற்றால் உலகக் கோப்பைக்கு அமெரிக்கா போவதே சந்தேகம். ஸ்ட்ரைக்கர் முல்லருக்கு காயம், வேறு வழியில்லாமல் ரொமாரியோவைக் கூப்பிட்டார்கள். 2-0, இரண்டும் அவர் கோல், ஒன்று தலையால், மற்றது கீப்பரைத் தாண்டிப் போய். அந்த ஒரு மாலையை அவருடைய வாழ்நாள் சிறந்த ஆட்டம் என்று சொல்பவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சி.

அப்புறம் நடந்தது தெரிந்ததே. இதற்கிடையே 1994 மே மாதம் ரியோவில் அவருடைய அப்பா எடெவாயிரைக் கடத்திக்கொண்டு போனார்கள், சில நாட்களில் மீட்கப்பட்டார், அதே மாதம் பார்சிலோனா ஏதென்ஸில் மிலானிடம் 4-0 தோற்றது. இவ்வளவையும் தலையில் சுமந்துகொண்டு போய் ரஷ்யா, கேமரூன், ஸ்வீடன், ஹாலந்து, திரும்ப அரையிறுதியில் ஸ்வீடன் என்று 5 கோல். அந்தக் கடைசிக் கோல் ஹெட்டர்! ஜோர்ஜீன்யோவின் கிராஸுக்கு அந்த நெட்டை ஸ்வீடன்காரர்கள் நடுவே எங்கிருந்தோ எழும்பினார். இறுதியில் இத்தாலியோடு கோல் இல்லை, பெனால்டியில் அவர் அடித்தது கம்பத்தில் பட்டு உள்ளே போனது. 24 வருடம் கழித்து கோப்பை. விமானம் ஊரில் இறங்கும்போது விமானி அறை ஜன்னல் வழியாக உடம்பை வெளியே நீட்டி கொடி ஆட்டிய படம் இன்றும் சுற்றுகிறது.

அப்படியென்றால் 1998-லும் 2002-லும் ஏன் இல்லை?

1998-ல் கெண்டைக்கால் தசை. போட்டி தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது ஃபிரான்ஸிலிருந்து திருப்பி அனுப்பினார்கள், மிட்ஃபீல்டர் எமர்சன் வந்தார். நான் தேறிவிடுவேன் என்று நிருபர்கள் முன்னால் அழுதார். கோச் ஸகாலோ, ஒருங்கிணைப்பாளர் ஸீக்கோ. ரியோவில் தான் நடத்திய பாரின் கழிப்பறைக் கதவுகளில் இந்த இரண்டு பேரையும் கேலிச்சித்திரமாக வரைந்து வைத்து, அது நீதிமன்றம்வரை போனது. ரசிகனாக இருந்தும் இதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

2002 வேறு. கண் அறுவை சிகிச்சை என்று 2001 கோபா அமெரிக்காவிலிருந்து (தென்னமெரிக்க நாடுகளின் கோப்பை) விலகியவர், அந்தச் சமயத்தில் வாஸ்கோவோடு போய் நட்பு ஆட்டம் ஆடினார். கோச் ஸ்கோலாரி அதை மறக்கவில்லை. தெருவில் கோஷம், தொலைக்காட்சியில் ரொமாரியோவின் கண்ணீர், ஸ்கோலாரி அசையவே இல்லை. கோப்பையோடு வந்தவரிடம் யார் என்ன கேட்க முடியும்?

ஸ்பெயினுக்கு இரண்டாம் முறை போனாராமே?

வாலென்சியா, 1996-லும் 1997-லும். கோச் லூயிஸ் அரகோனெஸோடு முட்டல், பிறகு ரானியேரியோடும் ஒத்துப்போகவில்லை. இரண்டு தடவையும் சில மாதத்தில் ஃப்ளமெங்கோ. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

முப்பது வயதுக்கு மேல் ஊருக்குப் போனால் ஆட்டம் முடிந்தது என்பார்களே?

இவர் விஷயத்தில் தலைகீழ். 2000 ஜனவரியில் மரக்கானாவில் கிளப் உலகக் கோப்பை, வாஸ்கோ 3 மான்செஸ்டர் யுனைடெட் 1. முதல் இரண்டும் ரொமாரியோ, கேரி நெவில் செய்த தப்புகளை இரண்டு தடவையும் விட்டுவைக்கவில்லை. அதே வருடம் டிசம்பர் 20, தென்னமெரிக்க கிளப்புகளின் மெர்கோசூர் கோப்பை இறுதி, சாவ் பாவ்லோவில் பல்மெய்ராஸின் மைதானம். இடைவேளையில் வாஸ்கோ 0-3. முடியும்போது 4-3, அதில் ரொமாரியோவுக்கு ஹாட்ரிக், வெற்றி கோல் காயத்துக்காகச் சேர்த்த நேரத்தில். இடையில் வாஸ்கோ ஒரு ஆளையும் சிவப்பு அட்டையில் இழந்திருந்தது. பிரேசிலில் இன்றைக்கும் யாராவது 0-3 பின்தங்கினால் அந்த ஆட்டத்தைத்தான் இழுப்பார்கள்.

2005-ல் 39 வயது, பிரேசில் லீகில் 22 கோல், அந்த ஆண்டு முதலிடம். உள்ளூர் லீகின் தரம் இறங்கிவிட்டது என்று மூக்கைச் சுருக்கியவர்களும் இருந்தார்கள். இருக்கலாம், ஆனால் அதே லீகில் ஆடிய இருபத்தைந்து வயதுக்காரர்கள் யாரும் 22 அடிக்கவில்லையே.

வாஸ்கோ, ஃப்ளமெங்கோ, ஃப்ளுமினென்ஸே என்று ரியோவின் நாலு பெரிய கிளப்பில் மூன்றுக்கு ஆடினார். ஒன்றுக்கொன்று ஜென்மப் பகை. நடுவே கத்தாரின் அல் சத் (மூன்று ஆட்டம், கோல் பூஜ்யம்), 2006-ல் மயாமி, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு என்று சின்னச் சின்ன பயணங்கள். அடிலெய்டில் நாலு ஆட்டம், ஒரு கோல்.

1000 கோல் உண்மையா, கதை விட்டதா? (தூத்தூர் வாசகர்)

அவர் கணக்கில் உண்மை. 2007 மே 20, வாஸ்கோவின் சாவ் ஜனுவாரியோ மைதானம், ஸ்போர்ட் ரெசிஃபேவுக்கு எதிராக பெனால்டி. ஆட்டம் நின்றுபோய், குடும்பம், கேமரா, கூட்டம் எல்லாம் உள்ளே. அதற்கு முன் சில வாரங்கள் 999-ல் மாட்டிக்கொண்டு தவித்தார். ஆனால் அந்தப் பட்டியலில் சிறுவர் அணி கோல், நட்பு ஆட்டம், காட்சி ஆட்டம் எல்லாம் உண்டு. அதிகாரப்பூர்வ ஆட்டங்களை மட்டும் எண்ணினால் எழுநூற்றுச் சொச்சம். அதற்கே நான் எழுந்து நிற்பேன், மீதி முந்நூறு எதற்கு? பிரேசிலுக்கு 70 ஆட்டத்தில் 55 என்பது மட்டும் போதாதா?

அதே வருடக் கடைசியில் ஊக்கமருந்து சோதனையில் மாட்டினார். ஃபினாஸ்டரைடு, முடி கொட்டாமல் இருக்க எடுத்துக்கொண்ட மருந்து என்றார். 120 நாள் தடை, பிறகு ரத்து. 2008-ல் ஓய்வு.

ஓய்வுக்குப் பிறகும் ஆடினாரா?

ஒரு தடவை, 2009-ல். ரியோவில் அமெரிக்கா என்று ஒரு பழைய கிளப், அப்பா எடெவாயிர் அதன் வெறியர், மகன் அந்தச் சிவப்புச் சட்டையைப் போட வேண்டும் என்பது அவர் ஆசை. அப்பா காலமான பிறகு, மாநிலத்தின் இரண்டாம் பிரிவில் சப்ஸ்டிட்யூட்டாக இறங்கினார், கிளப் அந்தப் பிரிவின் பட்டத்தையும் வென்றது. 2010-ல் நாடாளுமன்ற உறுப்பினர், 2014-ல் செனட்டர், 2022-ல் மறுபடியும். மகள் ஐவி டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள், மாற்றுத்திறனாளிகளுக்காக அவையில் தொடர்ந்து பேசினார். 2014 உலகக் கோப்பைச் செலவையும் ஃபிஃபாவையும் கிழித்தெடுத்தார், பேலேகூட தப்பவில்லை.

பிரேசிலின் ரொனால்டோவா, ரொமாரியோவா? ஒரே வார்த்தையில் சொல்லவும்.

ஒரே வார்த்தை முடியாது. 1997-ல் இரண்டு பேரும் சேர்ந்து ஆடியதைப் பாருங்கள். கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை இறுதியில் ஆஸ்திரேலியாவை 6-0, ஆளுக்கு மூன்று. பாதி மைதானத்திலிருந்து பந்தோடு பறக்க வேண்டுமென்றால் ரொனால்டோ, அதில் பேச்சே இல்லை. பாக்ஸுக்குள் மூன்று பேர் நடுவில் அரை வாய்ப்பு விழுகிறது, ஐந்து நிமிடம்தான் மிச்சம் என்றால் நான் ரொமாரியோவைத்தான் கூப்பிடுவேன், அவர் ரியோவிலிருந்து வருவாரா என்பது வேறு விஷயம்.

இன்னொரு பிரேசில் ஸ்ட்ரைக்கர் கேரெக்கா பற்றிக் கேட்டவர் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள், நாப்போலியில் மரடோனாவோடு அவர் ஆடியதை இங்கே இரண்டு வரியில் அடைக்க மனசு வரவில்லை.