மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைக்கே ஒருவர் அடிமையாக முடியுமா? குடும்பத்தார் என்ன செய்யலாம்?

முதுகில் அறுவை சிகிச்சை முடிந்தபோது தொடங்கிய டிரமடால் என்ற வலி மாத்திரையையும், பிறகு தூக்கத்துக்காகச் சேர்ந்துகொண்ட அல்பிரசோலத்தையும் உங்கள் கணவர் இரண்டு ஆண்டுகளாகியும் விடவில்லை. ஒரு மாதத்துக்கு வாங்கும் மாத்திரை மூன்று வாரத்தில் தீர்ந்துபோகிறது. கேட்டால் "டாக்டர் எழுதிக் கொடுத்ததுதானே" என்கிறார். பத்து வயது மகளும் கவனிக்கத் தொடங்கிவிட்டாள். மாத்திரைகளை எடுத்து மறைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: மறைக்காதீர்கள், கொட்டிவிடாதீர்கள், இன்றோடு நிறுத்திவிட வேண்டும் என்று அவரை வற்புறுத்தவும் செய்யாதீர்கள். அல்பிரசோலம், டயசெபம், குளோனசெபம் போன்ற பென்சோடயசெபைன் மருந்துகளை நெடுங்காலம் உட்கொண்டவர் அவற்றைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். உயிருக்கே ஆபத்து நேரலாம். இவற்றை மருத்துவரின் மேற்பார்வையில், வாரக்கணக்கிலும் சிலருக்கு மாதக்கணக்கிலும், சிறிது சிறிதாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

நான் மருத்துவன் அல்லன். என் அண்ணன் ஒரு விபத்துக்குப் பிறகு வலி மாத்திரைக்கு அடிமையாகி, நீண்ட சிகிச்சைக்குப் பின் மீண்டவர். அந்த ஆண்டுகளில் அண்ணியோடும் பிள்ளைகளோடும் உடனிருந்தவன் என்ற முறையிலும், பின்னர் இதைப் பற்றித் தேடிப் படித்தவன் என்ற முறையிலும் எழுதுகிறேன்.

உங்கள் கணவருக்கு இருப்பது அடிமைநிலையா என்பதற்கு முன்னால், உடல் மருந்துக்குப் பழகிப்போவது, அடிமையாவது என்று பலரும் ஒன்றாகக் கருதிக் குழப்பிக்கொள்ளும் இரண்டு நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டிரமடால், மார்ஃபின் போன்ற, அபினை ஒத்துச் செயல்படும் ஓபியாய்டு வகை வலி நிவாரணிகளைச் சில வாரங்கள் தொடர்ந்து உட்கொண்டால் யாருடைய உடலும் அவற்றுக்குப் பழகிவிடும். நிறுத்தினால் வியர்வை, உடல்வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, நிலைகொள்ளாத தவிப்பு எல்லாம் வரும். புற்றுநோய் வலிக்காக மார்ஃபின் பெறும் ஒருவருக்கும் இது நேரும். அதனால் அவர் அடிமையாகிவிட்டார் என்று பொருளாகாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டில் அடிமைநிலையைக் கண்டறிய 11 அறிகுறிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன; ஓராண்டுக்குள் அவற்றில் இரண்டேனும் தென்பட்டால்தான் நோய் என்று கொள்ளப்படுகிறது. மருத்துவர் சொன்ன அளவில், அவருடைய மேற்பார்வையில் மருந்து உட்கொள்பவருக்கு, உடல் பழகிப்போவதும் நிறுத்தும்போது வரும் உபாதையும் அந்தக் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. எண்ணியதைவிட அதிகமாக, எண்ணியதைவிட நெடுநாள் உட்கொள்வது. குறைக்க முயன்றும் முடியாமற்போவது. மருந்தைத் தேடிப் பெறுவதிலேயே பொழுது கழிவது. வேலையும் குடும்பப் பொறுப்பும் நழுவுவது. தீங்கு என்று தெரிந்தும் தொடர்வது ஆகியவைதான் கவனிக்க வேண்டியவை. ஒரு மாத மாத்திரை மூன்று வாரத்தில் தீர்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பது இந்தப் பட்டியலுக்குள் வருகிறது. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். ஆனால் உங்கள் கவலைக்கு அடிப்படை இருக்கிறது.

இது மன உறுதி குறைந்தவர்களுக்கு வருவதன்று. ஓபியாய்டு மூளையில் வலியை அடக்கும் அதே வேளையில், டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் வழியாக 'இதை மறக்காதே, மீண்டும் செய்' என்று மூளைக்குக் கற்பிக்கவும் செய்கிறது. நாள் செல்லச் செல்ல அதே அளவு போதாமற்போகிறது. சிலருக்கு மருந்தே வலியின் கூர்மையைக் கூட்டிவிடுகிறது. மாத்திரையின் வேகம் குறையும்போது வரும் வலியைப் பழைய காயத்தின் வலி என்று எண்ணி, அவர் அடுத்த மாத்திரையை எடுக்கிறார். தூக்க மாத்திரையிலும் இதுவே நடக்கிறது: ஓர் இரவு விட்டுப் பார்த்தால் முன்பைவிட மோசமாகத் தூக்கம் கெடுகிறது, மாத்திரை இல்லாமல் தன்னால் முடியாது என்பதற்கு அதையே சான்றாகக் கொள்கிறார். உங்கள் கணவர் வலிக்கிறது என்று சொல்லும்போது, பெரும்பாலும் அவர் பொய் சொல்லவில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது. உங்களுக்கு அத்தனை காலம் பிடிக்க வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவு விளக்குகிறேன்.

மருத்துவ உலகமே ஒரு காலத்தில் இதில் வழிதவறியிருக்கிறது. 1980-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்கள் கொண்ட ஒரு கடிதம் வெளியானது. மருத்துவமனையில் தங்கி ஓபியாய்டு மருந்து பெற்ற 11,882 பேரில், முன்பு அடிமைநிலை இல்லாதிருந்து பின் அடிமையானவர்கள் நால்வர் மட்டுமே என்று அது கூறியது. மருத்துவமனைக் கண்காணிப்பில் இருந்தவர்களைப் பற்றிய அந்தக் கணக்கு, வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை உண்பவர்களுக்கும் பொருந்தும் என்பதுபோல் மேற்கோள் காட்டப்பட்டது. 608 முறை அது எடுத்தாளப்பட்டிருப்பதை 2017-ல் அதே இதழில் வந்த ஓர் ஆய்வு கண்டறிந்தது. 1996-ல் ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்த பர்டியூ நிறுவனம், அடிமையாக்கும் ஆபத்து குறைவு என்று தவறாக விளம்பரப்படுத்திய குற்றத்தை 2007-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. மருத்துவர்களே இவ்வாறு நம்பவைக்கப்பட்டார்கள் என்றால், மருந்துச் சீட்டை நம்பிய உங்கள் கணவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அந்தச் சீட்டுதான் குடும்பத்தை நிலைகுலைய வைப்பதும். மதுவுக்கு அடிமையான ஒருவரின் வீட்டில் துன்பம் இருக்கும், ஆனால் ஐயம் இருக்காது. வாசனையும் தள்ளாட்டமுமே சாட்சி. இங்கே சாட்சியங்கள் எல்லாம் அவர் பக்கம் நிற்கின்றன. அறுவை சிகிச்சை நடந்தது உண்மை, வலி உண்மை, சீட்டில் இருக்கும் கையெழுத்து உண்மை. கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா என்று மனைவி கேட்டால், வலியில் துடிப்பவரிடம் இரக்கமில்லாதவள் என்ற பழி அவள்மேல் விழுகிறது. எனவே அவள் கேட்பதை நிறுத்துகிறாள், எண்ணத் தொடங்குகிறாள். என் அண்ணி மாத்திரை அட்டைகளை இரவில் எடுத்து எண்ணுவார். மறுநாள் எண்ணிக்கை மாறியிருக்கும். அண்ணனிடம் கேட்டால் "நீ தப்பாக எண்ணியிருக்கிறாய்" என்பார், அதுவும் அமைதியாக, அன்பாகவே சொல்வார். பல மாதங்கள் இப்படிக் கழிந்த பிறகு, தன் கண் கண்டதைத் தானே நம்ப முடியாத நிலைக்கு அண்ணி வந்துவிட்டார்.

இதைவிடக் கொடியது அம்மாவுக்கு நேர்ந்தது. மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பின் அம்மாவுக்குக் கொடுத்திருந்த மாத்திரைகளில் மீதி அலமாரியில் இருந்தது. அதிலிருந்து அண்ணன் எடுத்துவந்திருக்கிறார். அட்டை காலியாவதைப் பார்த்த அம்மா, தானே உண்டுவிட்டு மறந்துபோகிறோம் என்று நம்பினார். நினைவு தவறுகிறது என்று அஞ்சி மருத்துவரிடமும் காட்டிக்கொண்டார். அண்ணன் உடன் சென்றார், ஒன்றும் சொல்லவில்லை. இதைக் குற்றம் சாட்டுவதற்காக எழுதவில்லை. தாயிடம் உயிரையே வைத்திருந்த மனிதர் அவர். அடிமைநிலை ஒருவரை எங்கே கொண்டு நிறுத்தும் என்பதற்காகவும், உடனிருப்பவர்கள் முதலில் இழப்பது தங்கள் புலன்கள்மேல் இருக்கும் நம்பிக்கையைத்தான் என்பதற்காகவும் எழுதுகிறேன். பணம் போவதும், உறவினர் வருகை குறைவதும், வீட்டில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசப் பழகுவதும் அதற்குப் பின்னரே வருகின்றன. ஆகவே நீங்கள் காண்பதை எழுதி வையுங்கள்: எந்தத் தேதியில் எத்தனை மாத்திரை வாங்கப்பட்டது, எப்போது தீர்ந்தது, எந்த நாளில் அவர் குழறிப் பேசினார், உட்கார்ந்தபடியே உறங்கிப்போனார் என்பவற்றை மட்டும், கோபமோ விளக்கமோ சேர்க்காமல் குறித்து வையுங்கள். அவரிடம் நீட்டி மடக்குவதற்கான ஆவணமாக அதை ஆக்க வேண்டாம். உங்கள் மனம் தடுமாறாமல் இருக்கவும், மருத்துவரிடம் பேசவும் அது உதவும். நோயாளியைப் பற்றிய விவரங்களை உங்களிடம் வெளியிட மருத்துவருக்குத் தடை இருக்கலாம். நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள அவருக்குத் தடை இல்லை. மருந்து எழுதித் தரும் மருத்துவர் ஒருவரா பலரா என்பதையும் அறியப் பாருங்கள்; பல நேரங்களில் ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரிவதில்லை.

கணவரோடு பேசுவதற்கு மாத்திரையின் வேகம் ஏறியிருக்கும் பொழுதையோ, இறங்கித் தவிக்கும் பொழுதையோ தேர்ந்தெடுக்காதீர்கள். "நீங்கள் அடிமை" என்று தொடங்காமல், "செவ்வாய்க்கிழமை உங்களை எழுப்பவே முடியவில்லை, பயந்துவிட்டேன்" என்று நடந்ததைச் சொல்லுங்கள். உறவினர்கள் எல்லோரும் திரண்டு ஒருவரைச் சூழ்ந்து நெருக்கினால் திருந்திவிடுவார் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சிகிச்சைக்கு மறுக்கும் குடிநோயாளிகளின் குடும்பத்தார் 130 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்தப்பட்டு 1999-ல் வெளியான ஆய்வில், அவ்வாறு எதிர்கொள்ளக் கற்பிக்கப்பட்ட குடும்பங்களில் 30 விழுக்காட்டினரே நோயாளியைச் சிகிச்சைக்குக் கொண்டுவர முடிந்தது. தெளிந்திருக்கும் நேரங்களில் அன்பும் துணையும் காட்டுவது, போதையின் விளைவுகளை மூடி மறைக்காமல் விடுவது, தங்கள் வாழ்க்கையையும் பேணிக்கொள்வது ஆகியவற்றைப் பழக்கும் கிராஃப்ட் என்ற குடும்பப் பயிற்சியைப் பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் அதில் வெற்றி கண்டார்கள். அது மதுவைப் பற்றிய ஆய்வு என்றாலும், எங்கள் வீட்டில் கதவைத் திறந்தது இந்த வழிதான். அண்ணன் வேலைக்கு வராத நாட்களில் அலுவலகத்துக்கு அண்ணி பொய்க்காரணம் சொல்வதை நிறுத்தினார். அவர் தெளிவாக இருந்த மாலைகளில் அவரோடு நடக்கப் போனார். மருத்துவரிடம் போகலாமா என்ற பேச்சு அப்படிப்பட்ட ஒரு மாலையில் அண்ணனின் வாயிலிருந்தே வந்தது.

அந்தப் பேச்சு எழும்போது எங்கே போவது என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் மனம் மாறிவிடும். அடிமைநோய்ச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற மனநல மருத்துவரை இப்போதே விசாரித்து வையுங்கள். ஓபியாய்டு அடிமைநிலைக்குச் சிகிச்சையாகத் தரப்படும், தாமும் ஓபியாய்டு வகையைச் சேர்ந்த பியூப்ரெனார்ஃபின், மெத்தடோன் ஆகிய மருந்துகளை உலகச் சுகாதார நிறுவனம் 2005-லேயே இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா என்று உறவினர்கள் கேட்பார்கள். தவிப்பைத் தணித்து மனிதரை நிலைநிறுத்தும் இந்தச் சிகிச்சை, ஓபியாய்டு நோயாளிகளின் இறப்பைப் பெருமளவு குறைப்பது பல நாடுகளில் உறுதியாகியிருக்கிறது. உங்கள் கணவருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். உறவினர்களின் கேள்விக்காக அதை மறுத்துவிட வேண்டாம்.

அதுவரை ஆபத்தைக் குறைக்கும் வழிகளை அறிந்துகொள்வது அவசியம். ஓபியாய்டும் பென்சோடயசெபைனும் சேரும்போது மூச்சு மந்தமாகி நின்றுபோகக்கூடும்; இவ்விரண்டையும் சேர்த்துத் தருவதற்கு எதிராக 2016-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. மதுவும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். டிரமடால் மிகுந்தால் அதனாலேயே வலிப்பு வரலாம். அவர் உண்பது பாராசிட்டமால் கலந்த மாத்திரையா என்று அட்டையில் பாருங்கள். ஒரு நாளில் எல்லா வழியிலும் சேர்ந்து 4 கிராமைத் தாண்டும் பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும், தொடக்கத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. எழுப்பினால் எழாமை, விட்டுவிட்டு வரும் மூச்சு, தொண்டையில் கரகரப்பு, நீலம் பாய்ந்த உதடு, ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணி ஆகியவற்றைக் கண்டால் உறங்கட்டும் என்று விடாமல் உடனே அவசர ஊர்தியை அழையுங்கள். நாலாக்ஸோன் மூக்குத் தெளிப்பு கிடைக்குமானால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது ஓபியாய்டின் விளைவை மட்டுமே நீக்கும்; அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் அதன் வேகம் குறைந்துவிடலாம் என்பதால், கண் விழித்துவிட்டார் என்று மருத்துவமனைப் பயணத்தைக் கைவிடக் கூடாது. வீட்டில் வேறு யாருடைய மீதி மாத்திரைகளாவது இருந்தால், அவற்றை எப்படிப் பாதுகாப்பாக அப்புறப்படுத்துவது என்று மருந்தாளுநரிடம் கேட்டு அப்புறப்படுத்திவிடுங்கள்.

குடும்பங்கள் அதிகம் அறியாத ஒன்று: பல நாட்கள் நிறுத்தியிருந்துவிட்டு மீண்டும் தொடும்போதுதான் உயிரிழப்பு அபாயம் மிகுதி. உடல் பழைய தாங்குதிறனை இழந்திருக்கும், கையோ பழைய அளவையே எடுக்கும். மீண்டும் விழுவது சிகிச்சை தோற்றதற்கு அடையாளம் அன்று. இரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்ற நெடுநாள் நோய்களிலும் சிகிச்சையை விட்டுவிட்டு மீண்டும் துன்பத்துக்கு ஆளாவோர் பலர். என் அண்ணனும் இடையில் வழுக்கினார். அன்று அதை மறைக்காமல் சொன்னார் என்பதே அண்ணிக்குப் போதுமானதாக இருந்தது.

மகளைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். பத்து வயதுக் குழந்தைக்கு வீட்டில் ஏதோ சரியில்லை என்பது தெரியும். யாரும் சொல்லாவிட்டால் தானே காரணம் என்று எண்ணிக்கொள்ளும். என் அண்ணன் மகள் அப்படித்தான், தன் மதிப்பெண் குறைந்ததால் அப்பா தூங்கிக்கொண்டே இருக்கிறார் என்று நினைத்திருந்தாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அவர் உண்ணும் மருந்தே அவரை நோயாளியாக்கிவிட்டது, அதற்கு நீ காரணமில்லை, அதைச் சரிசெய்வதும் உன் பொறுப்பில்லை, பெரியவர்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று நேராகச் சொல்லுங்கள். இதை வெளியே சொல்லாதே என்று அவள் வாயைக் கட்டிவிடாதீர்கள். அவள் மனம்விட்டுப் பேசக்கூடிய ஒரு பெரியவரை, சித்தியோ ஆசிரியையோ, நீங்களே காட்டிக் கொடுங்கள். நீங்கள் வெளியே சென்றிருக்கும்போது அப்பா எழுப்பியும் எழாவிட்டால் முதலில் எந்த எண்ணை அழைக்க வேண்டும், பக்கத்தில் யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பதையும் சொல்லி, அந்த எண்ணைத் தொலைபேசி அருகே எழுதி ஒட்டிவையுங்கள்.